ஃபேனை நிறுத்தச் சொல்லும் டாக்டரம்மா

அந்த டாக்டரம்மா கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரையும் நாக்கை நீட்டச் சொன்னதில்லை, மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் இல்லை. போன வாரம் டிவி பார்த்துக்கொண்டே தம்பி சொன்னான், "ஸ்டெதஸ்கோப் இல்லன்னா அவங்க டாக்டரே இல்ல" என்று. பாப்பாவும் அதற்குத் தலையாட்டினாள். உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதனால்தான் பத்தாவதோடு பேனாவை மூடி வைத்த உங்கள் அப்பா நான், உங்கள் இரண்டு பேருக்காகவும் இதை எழுத உட்கார்ந்தேன். தப்பிருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நாம் விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு லேபுக்குப் பின்கட்டில் குடியிருந்தோம். பாப்பா ஒன்றாம் வகுப்பு, தம்பி தவழ்கிற பிள்ளை. முன்பக்கம் ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கிற லேப். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அந்த அம்மா புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வருவார். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். உடம்பில் எங்கேயாவது கட்டி இருந்தால் மெல்லிய ஊசியால் குத்தி, ஒரு துளி எடுத்து, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று எழுதுவார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் பிடித்து வந்து அவர் எழுதப்போகும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைக் கையில் கொடுத்தாலும், "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்பார். வறுத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தால், எப்போது வறுத்தது, மண்ணில் வறுத்ததா, உப்புத் தண்ணீர் தெளித்ததா என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு கடலையை உடைப்பார். உங்கள் அம்மா அவருக்கு ஒரு சொம்பு சுடுதண்ணீர் கொண்டுபோய் வைப்பாள். அதற்கும் விசாரணை நடக்கும்.

"கொதிச்சுதாம்மா, இல்ல சூடு மட்டும் பண்ணியா?"

"கொதிச்சுதுங்க. நின்னு பாத்துத்தான் எறக்குனேன்."

"எறக்கி எவ்ளோ நேரம் ஆவுது?"

உங்கள் அம்மா பின்கட்டுக்கு வந்து என்னிடம் பொருமுவாள். "சொம்புத் தண்ணிக்கு இந்தம்மா போலீஸு மாதிரி கேக்குறாங்க. இவங்க வூட்டுக்காரரு ஆபீஸு விட்டு லேட்டா வந்தா என்ன கதி ஆவாரோ, பாவம்."

இன்னொரு பழக்கம் ஃபேன். ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் முதல் வார்த்தை, "ஃபேன நிறுத்துங்க." நம்ம ஊர் சித்திரை வெயில் உங்களுக்கே தெரியும். லேப்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே போய் நிறுத்துவார். ஊசி குத்திக்கொள்ள வந்தவர், கூட வந்தவர், டாக்டரம்மா எல்லோரும் வேர்த்து வழிய நிற்பார்கள். கரண்டு பில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் நம்ம மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சத்தம் போட்டார். முந்தின தடவை எடுத்த துளி போதவில்லை, எதுவும் சொல்ல முடியாது, மறுபடி எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதியிருந்தார்.

"தெரியலன்னு எழுதுறதுக்கு ஒரு டாக்டரா? இத நானே எழுதுவேனே!"

"எழுதலாங்க ஐயா. ஆனா நீங்க எழுதுனா யாரும் மறுபடி ஊசி குத்த மாட்டாங்க. சட்டையக் கழட்டுங்க. ஃபேன நிறுத்துங்கப்பா."

அவர் சிரித்துவிட்டார். சட்டையையும் கழற்றினார்.

பாப்பா, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நீ ஒரு சாயங்காலம் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாய். உன்னைத் தூக்கி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார்.

"என்ன தெரியுது?"

"கருப்பு கருப்பா முள்ளு."

"அது உன் கண்ணு முடி. நானும் படிக்கப் போன மொத வாரம் அதத்தான் பாத்தேன். பெரிய நோயக் கண்டுபுடிச்சிட்டேன்னு நெனச்சேன்."

அவர் படிப்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இப்படித் துண்டு துண்டாகத் தெரிந்ததுதான். ஸ்லைடு சாயத்தில் ஊறுகிற நேரத்தில் பின்கட்டு வாசலில் வந்து நின்று உங்கள் அம்மாவோடு பேசுவார். டாக்டர் பட்டத்துக்கு ஐந்தரை வருஷம். அதற்கு மேல் மூன்று வருஷம் பேத்தாலஜி, அதாவது நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று சதையிலும் ரத்தத்திலும் பார்த்துச் சொல்கிற படிப்பு.

"அப்ப பொணம் அறுக்குறதாங்க?" என்று உங்கள் அம்மா பயந்துபோய்க் கேட்டாள்.

"அதுவும் கத்துக்கணும். என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப மாமியா கேட்டாங்களாம், 'பொண்ணு கைய நல்லாக் கழுவிட்டுத்தான் சமைக்குமா'ன்னு. மொத வருஷம் பூரா வெரலு ஊதா கலரு. சாயம். எத்தன கழுவுனாலும் போவாது. கல்யாண ஃபோட்டோவுல மருதாணிக்கு மேல ஊதா தெரியும்."

பிறகு ஒரு சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை. வேலையில் இருக்கும்போதே மறுபடியும் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வருஷம். அந்த வருஷம் பூராவும் செல் மட்டும்தான் படிப்பு. நம் உடம்பு சின்னச் சின்னச் செங்கல்களால் கட்டியது, அந்த ஒவ்வொரு செங்கலுக்கும் பெயர் செல் என்று உங்கள் பாடத்தில் வருமே, அதுதான். தனியாக உதிர்ந்து வந்த ஒரு செல்லைப் பார்த்து அது எந்த வீட்டுச் செங்கல், நல்ல செங்கலா என்று சொல்லப் பழகுவது.

"வேலைக்குப் போன அப்புறம் ஏங்க மறுபடி படிக்கப் போனீங்க?" என்று உங்கள் அம்மா கேட்டாள். அவர் மணியைப் பார்த்தார். சாயத்துக்கு நேரம் ஆயிற்று என்று உள்ளே போய்விட்டார்.

என் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த கூத்து உங்களுக்குப் புரியாது. தொழிற்பேட்டை செராமிக் கம்பெனியில் எனக்கு கிளேஸ் முக்குகிற, அதாவது பொம்மைக்குப் பளபளப்புப் பூச்சு ஏற்றுகிற வேலை. ஒரு தடவை சூளையில் வெந்து வந்த பொம்மையை பிஸ்கட் என்போம். அதைத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, கிளேஸ் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். ஈரத்தோடு முக்கினால் கிளேஸ் பிடிக்காது. மறுபடி சூளைக்குள் போனதும் அந்த இடம் சொட்டையாகிவிடும். அப்படிக் கழுத்தில் சொட்டை விழுந்த ஒரு யானைப் பொம்மையை டாக்டரம்மாவுக்குக் கொடுத்தேன், காகிதம் பறக்காமல் வைக்க உதவும் என்று. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

"ஈரத்துல முக்குனதுங்க. புதுசா சேந்த ஆளு. காய வெக்காம முக்கிட்டாரு."

"பாத்ததும் சொல்லிடுவீங்களா?"

"சொட்டைய பாத்தாலே தெரியுமுங்க, எங்க தப்பு நடந்துச்சுன்னு."

அன்றைக்கு அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யானை அவர் மேஜை மேலேயே இருந்தது.

இனி அந்தப் புதன்கிழமை. உண்மையில் அதைக் கண்டுபிடித்தது நீதான் பாப்பா. செவ்வாய் சாயங்காலம் அம்மா அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். நீ கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா கழுத்துல ஒண்ணு ஏறி ஏறி எறங்குது" என்றாய். தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. டாக்டரம்மா அன்று மூன்று மணிக்கே கிளம்பிப் போயிருந்தார். வெள்ளி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டர், "நானே ஊசி போட்டு எடுத்துத் தரேன், லேப்புல குடுங்க, மேடம் வெள்ளிக்கெழம பாத்துடுவாங்க" என்றார்.

துளி எடுத்து நான்கு ஸ்லைடில் தடவினார்கள். ஊசியை எடுத்ததும் உங்கள் அம்மாவுக்குத் தலைசுற்றல். நர்ஸ் பெண் அவளைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அண்ணா, இந்த ரெண்டும் அப்படியே காயட்டும். அந்த ரெண்டையும் ஸ்பிரிட்டு பாட்டில்ல போட்டுடுங்க."

நான் ஸ்லைடைக் கையில் எடுத்தேன். ஈரம் பளபளத்தது. இதைப் போய் அப்படியே முக்குவதா? கை கேட்கவில்லை. ஜன்னல் வெயிலில் காட்டினேன். ஃபேனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பிஸ்கட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு பொட்டு மினுமினுப்பு இல்லை என்று ஆன பிறகு, குமிழி வராமல் மெதுவாக ஸ்பிரிட்டில் இறக்கினேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு லேப்காரர் பின்வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, டாக்டரம்மா அண்ணியக் கூட்டிக்கினு உங்கள வரச் சொன்னாங்க."

"ரிப்போர்ட்டு என்னான்னு எழுதியிருக்காங்க?"

"எழுதலண்ணா. நாலு தடவ பாத்துட்டாங்க. எழுந்து போயி மூஞ்சி கழுவிட்டு வந்து மறுபடி பாக்குறாங்க."

உங்கள் அம்மா அப்போது பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்தாள். அவிழ்த்தாள். மறுபடி முதலிலிருந்து பின்னினாள். ரிப்பனை இறுக்கி முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. பிறகு தம்பியைத் தூக்கி எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, பாப்பாவையும் அங்கே விட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, போவலாம்" என்றாள். முப்பது அடிதான் தூரம். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன்.

டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். எடுத்த எடுப்பில் கேட்டார்:

"இந்த ஸ்லைடு எப்படி வந்துச்சு?"

"நர்சிங் ஹோம்ல எடுத்துக் குடுத்தாங்க. பத்திரமா கொண்டாந்தேங்க."

"தடவுன ஒடனே ஸ்பிரிட்டுல போட்டாங்களா?"

"போட்டாங்க."

"யாரு போட்டாங்க?"

என்னவோ தப்பு நடந்திருக்கிறது, அதில் என் கை இருக்கிறது என்று புரிந்தது. அப்போது நான் சொன்னதை உங்களிடம் மறைக்க மாட்டேன். "அந்த நர்ஸ் பொண்ணுங்க" என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மெதுவாக விளக்கினார். செல்லுக்கு நடுவில் ஒரு புள்ளி இருக்குமாம். அது பெரிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். இந்த ஸ்லைடில் எல்லாப் புள்ளியும் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஓரம் எல்லாம் கலங்கிப்போய் இருக்கிறது. ஸ்பிரிட்டில் விழுவதற்கு முன்னால் காய்ந்துபோனாலும் செல் இப்படித்தான் அப்பளம் மாதிரி பரந்து உப்பிக் காட்டுமாம். காயவிட வேண்டிய மற்ற இரண்டு ஸ்லைடிலும் வெறும் ரத்தம்தான் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"நோயால பெருசா இருக்குதா, காஞ்சதால பெருசா இருக்குதான்னு எனக்குத் தெரியணும். அந்த நர்ஸ் பொண்ணுக்கு ஃபோன் பண்ணிக் கேக்கட்டுமா?" என்று கையை ஃபோனுக்கு நீட்டினார்.

"வேணாங்க," என்றேன். "நான்தான் காய வெச்சேன். வெயில்ல ஒரு தடவ, ஃபேன்ல ஒரு தடவ. நல்லாக் காஞ்சப்புறம்தான் முக்குனேன்."

டாக்டரம்மா யானைப் பொம்மையைப் பார்த்தார். கழுத்துச் சொட்டையை விரலால் தடவினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டார். எங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் முதலில் உயிர் வந்தது.

"நீங்கதான சொன்னீங்க, ஈரத்துல முக்கக் கூடாதுன்னு. உங்க தொழில்ல அது சரி. எங்க தொழில்ல ஈரத்துலதான் முக்கணும். ரெண்டு நொடி லேட்டானாலும் சொட்ட விழுந்துடும்."

உங்கள் அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, என் கழுத்தையும் பொம்மைன்னு நெனச்சிட்டீங்களா? சூளையில வெக்காம விட்டீங்களே, அது வரைக்கும் புண்ணியம்."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்றைக்கோ கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொன்னார்.

"ஏன் மறுபடி படிக்கப் போனேன்னு கேட்டியே. என் மொத வேலையில, மேஜைக்கு மேல ஃபேனு. கோடைக்காலம். ஸ்லைடு காஞ்சுபோச்சு, எனக்கு அது தெரியல. சந்தேகமா இருக்குன்னு எழுதிட்டேன். அந்த மனுசன் குடும்பத்தோட சென்னைக்குப் போயி, ஒரு மாசம் அழுதுட்டு, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு திரும்பி வந்தாரு. என்னத் திட்டுவாருன்னு நெனச்சேன். தேங்கா, பழம், வெத்தல வெச்சுக் குடுத்துட்டு, 'நீங்க எழுதுனதாலதான் பெரிய எடத்துல பாத்தோம்'னு கும்புட்டுட்டுப் போனாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன். அந்தத் தேங்காய என்னால ஒடைக்க முடியல. அடுத்த மாசம் சென்னைக்கு அப்ளிகேஷன் போட்டேன்."

பிறகு எழுந்தார். "ஃபேன நிறுத்துங்க. நீங்க கைய பின்னால கட்டிக்கோங்க," என்று என்னிடம் சொன்னார். கட்டிக்கொண்டேன்.

அவரே குத்தினார், அவரே தடவினார். தடவிய கை அப்படியே ஸ்பிரிட்டுக்குள் போயிற்று. நான் கண் சிமிட்டவில்லை, ஆனால் அந்தக் கை போனதைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, அவ்வளவு வேகம். மற்றவர்களுக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறவர், அன்றைக்கு அவர் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஃபேனைப் போட லேப்காரருக்கே தோன்றவில்லை. உங்கள் அம்மா என் சட்டைக்கையின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். நூல் நீண்டுகொண்டே வந்தது.

அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நகர்த்தினார். முதல் ஸ்லைடை எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தார். பேனாவை எடுத்து எழுதினார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"நல்ல கட்டிதாம்மா. தைராய்டுல வர்ற சாதாரணக் கட்டி. புள்ளியெல்லாம் சின்னதா, ஒழுங்கா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டா போதும்."

உங்கள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக ஒன்று கேட்டாள்:

"சரிங்க. இது எப்படி வந்துச்சு?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அது மட்டும் எனக்குத் தெரியலம்மா" என்றார்.

எதிர்வீட்டிலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு நேராக ஜங்ஷன் ஓட்டலுக்குப் போனோம். அம்மா மூன்று பரோட்டா சாப்பிட்டாள், தம்பி சேர்வைக் குழம்பில் கை விட்டு மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டான். மறுநாள் நான் நர்சிங் ஹோமுக்குப் போய் அந்த நர்ஸ் பெண்ணைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். என் வாயால் அவள் பெயர் கெட இருந்ததையும் சொன்னேன். "அய்யய்ய, நான் முன்னாடியே சொல்லியிருக்கணுண்ணா, ஒடனே போடுங்கன்னு" என்று அவள் தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அந்தக் காய்ந்த இரண்டு ஸ்லைடையும் ஒரு பஞ்சில் சுற்றிக்கொண்டு வந்து உங்கள் அம்மாவிடம் கேட்டார்: "இத நான் காலேஜுக்கு எடுத்துட்டுப் போவட்டுமா? பேரெல்லாம் அழிச்சிடுறேன்."

"என் கழுத்தாச்சும் காலேஜுக்குப் போவட்டுங்க" என்றாள் இவள்.

பிறகு அந்த லேப் இடம் மாறியது, நாமும் தொழிற்பேட்டைப் பக்கம் வந்துவிட்டோம், அவர் இங்கே வருவதும் நின்றுபோயிற்று. கடைசியாகப் பார்த்தபோது சொன்னார், ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஸ்லைடைத்தான் முதலில் வைப்பாராம். எல்லோரும் பெரிய பெரிய நோயின் பெயராக எழுதிக்கொண்டு வருவார்களாம். அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, இது எப்படி வந்துச்சு?" என்று கேட்பாராம்.

அம்மா இப்போதும் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது அந்த நெல்லிக்காய் ஏறி இறங்குவதை நீங்கள் பார்க்கலாம். பார்த்துப் பயப்பட வேண்டாம். டாக்டருக்குப் படிக்கிற அத்தனை பிள்ளைகளும் விழிக்கிற அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஆள், பத்தாவதோடு நின்றவன், இங்கே விருத்தாசலத்தில் கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.